முன்னால் குடியிருந்தவன்

சமாதானபுரத்தில் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு
சர்வர் வாடகைக்குப் பிடித்தபோது
எண்ணைக் கொடுத்தார்கள்.
அந்த எண்ணில் முன்னால் இருந்தவனைப் பற்றி
மூச்சுவிடவில்லை.

அவன் கடன் விற்றிருக்கிறான்.
ராத்திரி இரண்டு மணிக்கு லட்சம் பேர் கதவைத் தட்டி
லாட்டரி விழுந்திருக்கிறது என்றிருக்கிறான்.
போய்விட்டான்.
பேரை மட்டும் காலி செய்யவில்லை.

எனக்கிது புதிதில்லை.
மகாராஜநகரில் நாங்கள் குடிபோன வீட்டில்
சீட்டுப் பிடித்து ஓடியவன் இருந்தான்.
கதவிலக்கத்தைக் கேட்டதும்
பலசரக்குக் கடை அண்ணாச்சி
எடை போட்ட பருப்பைத் திரும்பச் சாக்கில் கொட்டினார்.
"ரொக்கம்னா தாரேன்மா."

இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள்.
சர்க்கரை, தைராய்டு, யூரியா, சதைப் பரிசோதனை
எல்லாம் ஸ்பாமில்,
பத்து நாளில் தொப்பை கரைக்கும் பொடிக்கும்
செத்துப்போன கோடீசுவரனின் வாரிசுக் கடிதத்துக்கும் நடுவில்.
சிலவற்றுக்கு அந்த இடமும் இல்லை,
வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

மேலப்பாளையத்திலிருந்து மைதீன் பாத்து போனில்:
"ஒங்க லேபைப் பூட்டியாச்சா?"
"இல்லம்மா, குப்பையில பாருங்க."
"எங்க வீட்டுக் குப்பையிலயா?"
சிரிப்பு வந்தது.
அடக்கிக்கொண்டு விளக்கினேன்.

நான் செய்யாததற்கு மன்னிப்பு மனு எழுதினேன்.
இயந்திரம் பதில் சொன்னது:
நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சேர்க்கவும்.
முதல் நாள் ஐம்பது மட்டும்.
திறக்கிறார்களா, பதில் போடுகிறார்களா, பார்ப்போம்.

ஐம்பது.
யார் அந்த ஐம்பது?
கொழுப்புக் கணக்கெல்லாம் நாளைக்குப் போகட்டும்.
பிள்ளைத்தாச்சிகள் முதலில்.
நடுவே எங்கள் டாக்டர் ஆவுடையப்பனுக்கே ஒன்று,
"சும்மா 'சரி'ன்னு ஒரு பதில் போடுங்க சார்."
கடைசியில் முக்கூடல் பிச்சம்மா.
பீடி சுற்றுகிறவள். தொண்டைச் சதை.
முகவரி ஷார்ஜாவில் மகன் சுடலைமுத்துவுடையது.

அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.
தட்டச்சு செய்தவள் நான்.
இது ஸ்பாமிலேயே கிடந்தால்தான் என்ன என்று
ஒரு நொடி நினைத்தேன்.
அனுப்பினேன்.

மறுநாள் ஏழு மணிக்கே வந்து பார்த்தேன்.
திறந்தவர்கள் பதினேழு பேர்.
டாக்டர் மறந்துவிட்டார்.
பதில் எழுதியிருந்தது ஒரே ஆள்:
"கெடச்சிட்டு. அம்மைட்ட சொல்லிராதிய."

திரையோரம்
எங்கள் மதிப்பு ஒரு புள்ளி ஏறியிருந்தது.