பதினைந்து றாத்தல்

கந்தப்பளையில் தண்ணீருக்கு அவசரம்.
சட்டியில் குமுறிக் காட்டிவிடும்,
உள்ளே அவ்வளவு சூடு இருக்காது.
நீர்கொழும்பிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம்
பருப்பு வேகாததற்கு
நான் அடுப்பைத் திட்டினேன்.

தம்புள்ளைக்குப் போன லொறி
போஞ்சியை இறக்காமலே திரும்பிய செவ்வாய்க்கிழமை
எங்கள் வாசலில் மூன்று சாக்கு.
கிலோ நாற்பதுக்கும் ஆளில்லை.
இன்னாசி சாக்கின் மேலேயே உட்கார்ந்து
பீடி பற்றவைத்தார்.

பேரிக்காய் என்றால் கவலையில்லை.
மாதா கோயில் அண்டாவை இரவல் வாங்கி,
அடியில் பழைய துணி மடித்துப் போட்டு,
மூடிக்கு மேல் இரண்டு விரல் தண்ணீர் நிற்க
போத்தல்களை அவித்தெடுக்கலாம்;
கீழே சொல்கிற கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
தக்காளிக்குத் தேசிப்புளி சேர்க்க வேண்டும்.
புளிப்புக் காவல் இருந்தால்
கொதிநீர் போதும்.

போஞ்சிக்குப் புளிப்பில்லை.
அதில் ஒட்டிவருகிற ஒன்று
காற்றில்லாத போத்தலைத்தான் வீடென்று நினைக்கும்.
மணக்காது. நிறம் மாறாது.
கொதிநீரில் அரைநாள் குளித்துவிட்டு
நத்தார் விருந்துவரை காத்திருக்கும்.

"மூணு மணிநேரம் அவி, என்ன ஆகப்போகுது"
என்றாள் பக்கத்துக் காம்பரா சவரியம்மா.
ஒரு சாக்கை வினாகிரியில் போட்டேன்.
எத்தனை ஊறுகாய் தின்னும் ஒரு குடும்பம்?

மேட்டுலயத்தில் நாத்தனார் டெல்பினிடம்
அந்தப் பெரிய பாத்திரம் இருக்கிறது.
குவைத்தில் ஒன்பது வருஷம் சமைத்த வீட்டில்
சம்பள பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்தது.
மூடியைச் சுற்றி ஆறு திருகாணி,
நடுவில் மணிக்கூடு மாதிரி ஒரு முள்.
தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்குப் பிறகு
பதினாறு மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை.

அன்றிரவு நான் கணக்குப் பார்த்தது சூட்டை அல்ல.
போய்க் கேட்பதா,
இரண்டு சாக்கையும் மாட்டுக்குப் போடுவதா.
மாடு ஏற்கெனவே போஞ்சியைக் கண்டால்
முகத்தைத் திருப்புகிறது.

போனேன்.
டெல்பின் கதவை முழுதாகத் திறக்கவில்லை.
கேட்டாள், உள்ளே போனாள், வந்தாள்.
முதலில் கையில் வைத்தது பாத்திரத்தை அல்ல,
துணியில் சுற்றித் தனியே வைத்திருந்த குண்டை.
"கீழ பத்து போதும். இங்க பதினஞ்சு றாத்தல்.
உனக்குப் புரியாது. நானே வாறேன்."

பத்து நிமிஷம் ஆவியைச் சும்மா போகவிட்டாள்.
பிறகு குண்டை மாட்டினாள்.
பிறகு இருபது நிமிஷம் அதுதான் பேசியது.
நாங்கள் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பார்க்க ஒரு முள் இருந்தது நல்லது.
அடுப்பை அணைத்ததும் மூடியில் கைவைக்கப் போனேன்.
"தானா இறங்கட்டும்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

வெளியே எடுத்து வைத்த பிறகு
மூடிகள் ஒவ்வொன்றாய் டிக்கென்று உள்வாங்கின.
ஏழு போத்தல், ஆறு சத்தம்.
ஏழாவதை அமுக்கினால் மேலெழும்பியது.
வைத்திருக்க முடியாது.
பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கி
ரொட்டியோடு வைத்தேன்.
உப்புக் குறைவு என்றாள் டெல்பின்.
இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

வாசலில் இன்னும் ஒன்றே முக்கால் சாக்கு.
பாத்திரம் பாரம், இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி
குண்டை மட்டும் துணியில் சுற்றி
எடுத்துக்கொண்டு மேடேறினாள்.