சுருள் நாடா

சிலாவோசுக்கு ஏறுகிற சாலையில்
ஹாரன் அடிப்பது கோபத்தில் இல்லை.
"இருக்கிறாயா?" என்று பாறையைக் கேட்பது அது.
பதில் வந்தால் ஒதுங்க வேண்டும்,
வராவிட்டால் திரும்பலாம்.
நானூறு வளைவுக்கு மேல் என்கிறார்கள்.
எண்ணியதில்லை நான்.
ஆறரைக்கு முதல் இன்சுலின்.

செவ்வாய்க்கிழமை, மூடுபனி இறங்கியிருந்தது.
கட்டைவிரலால் அழுத்தினேன்.
ஒன்றுமில்லை.
உள்ளங்கையால். முழங்கையால்.
ஓரங்கட்டி நிறுத்தி,
நர்ஸ் புத்தி, இரண்டு கையையும் கோத்து
நெஞ்சில் அழுத்துவதுபோல்
முப்பது தடவை.
மூச்சு வரவில்லை.

டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு மனிதன்,
பெல்ட் கட்டி, முகத்துக்கு நேரே ஒரு பந்தோடு
மூன்று வாரமாக எரிந்துகொண்டிருக்கிறான்.
"அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று
அவனுக்குச் சொல்லிவந்தவள் நான்தான்,
என் நோயாளிகள் எனக்குச் சொல்கிற
அதே இனிமையான குரலில்.

கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தினேன்.
வளைவில் என்னவென்று கத்துவது?
முதலில் "ஓய்."
பிறகு "வர்றேன்."
பிறகு என் பெயரையே: மரி-லூர்த்! மரி-லூர்த்!
பாறை அதைத் திருப்பிக் கொடுத்தது, கொஞ்சம் கிண்டலாக.

குகைப்பாதையின் வாயில்
மஞ்சள் பஸ் ஒன்று கேட்டது, இருக்கிறாயா என்று.
இருந்தேன்.
சொல்லத்தான் வழியில்லை.
விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன்,
வெள்ளைக்குள் வெள்ளை, யாருக்குத் தெரியும்.
பக்கக் கண்ணாடி மடங்கி என் தோளை இடித்தது.
பஸ் நின்றபோது
எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கை அகலம்,
என் வலது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே
அதிலும் பாதி.
டிரைவர் திட்டவில்லை.
தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
திட்டியிருக்கலாம்.

அப்புறம் ஒரு காய்கறி லாரிக்குக் காத்திருந்து
அதன் பின்னாலேயே ஏறினேன்.
கேள்வி அவனுடையது,
வழி மட்டும் எனக்கு.

மதாம் தெஷேரின் கட்டைப் பிரித்தேன்.
சுண்டுவிரல் கறுத்திருந்தது.
"வலியே இல்லையே" என்றார் பெருமையாக.
எப்போதிலிருந்து என்று கேட்டேன்.
சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

மாலை, கீழே சேன்-லூயியில்
நான் தொடாமலேயே அது பேசத் தொடங்கியது.
இடப்பக்கம் திருப்பினால் மட்டும்.
ரவுண்டானா முழுக்க இடப்பக்கம்.
எனக்கு முன்னால் ஒரு சவ வண்டி,
பூ, கறுப்புக் கோட்டு, மெதுவான நான்கு கார்கள்.
அலறியது, அலறியது, வட்டம் முடியும்வரை.
பின் சீட்டில் ஒரு பையன் திரும்பி
என்னைப் பார்த்த பார்வையை
இன்னும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வெல்லாயுதோம் பாட்டரியைக் கழற்றினான்,
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பத்து நிமிஷம் சும்மா நின்றான்.
"உள்ளே வெடிமருந்து, தூங்கட்டும்."
பிறகு ஸ்டியரிங்கின் முகத்தைத் தூக்கி எடுத்து
அடியிலிருந்து ஒரு நாடாவை உருவினான்.
பழுப்பு, சிகரெட் தாள் கனம்,
நாய்வால் சுருள்.
"திருப்பும்போதெல்லாம் இது சுற்றும், விரியும்.
பதினோரு வருஷம் மேலேயும் கீழேயும்
போய்வந்திருக்கீங்க, அக்கா.
மடிப்பு விழுந்து அறுந்திருச்சு.
ஒரு பக்கம் தொடாது, ஒரு பக்கம் தப்பாத் தொடும்."

ஆக, வளைவுக்கென்று இருந்த குரலை
வளைவுகளே தின்றிருக்கின்றன.

"காற்றுப்பை?" என்றேன்.
"அதுவும் இதே நாடாலதான்" என்றான்,
திருகாணியைத் தேடிக்கொண்டே.
மூன்று வாரம். வாரத்துக்கு ஆறு நாள்.
பெருக்கத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

விலையைச் சொன்னான்.
பேரம் பேசவில்லை,
வாழ்க்கையில் முதல் தடவை.

சனிக்கிழமை விடியலில், முதல் வளைவு.
சிவப்பு மனிதன் இல்லை.
அழுத்தினேன்.
இருக்கிறாயா?
மலை முழுக்கப் போய் வந்தது.
பதில் இல்லை.
திரும்பியிருக்கலாம்.
இன்னொரு தடவை கேட்டேன்.