பொருள் எண் நான்கு

கம்பம் மெட்டு ரோடு, டயர் கடை மாடி.
இரண்டாம் ஞாயிறு நாலு மணிக் கூட்டம்
ஐந்தேகாலுக்குத் தொடங்கியது.
பதினேழு பேர், பதினோரு நாற்காலி.
போன மாசப் பதிவை வாசித்தேன்.
திருத்தம் உண்டா என்றார் தலைவர் ஒச்சப்பன்.
தன் பேரில் ஒரு கால் குறைகிறது என்றாள் சுருளியம்மாள்.
போட்டுக்கொடுத்தேன்.

வரவு, சந்தா மட்டும்.
செலவு, மருந்தடித்து மயங்கிய வேல்மயிலுக்கு
ஆட்டோ, இரண்டு இளநீர்.
இளநீருக்கு ரசீது எங்கே என்று ஒரு குரல்.
ரசீது கிழித்துத் தரும் இளநீர்க்காரனை
நீ கூட்டிவா, நான் ஒட்டுகிறேன் என்றாள்
பொருளாளர் மைதீன் பீவி.
ஏற்கப்பட்டது.

பொருள் ஒன்று, ஹர்த்தால்.
மேலே அவர்கள் கடையை அடைத்தால்
கீழே நம் அடுப்பு அடைகிறது.
பாதிச் சம்பளமாவது கேட்டு மனு கொடுக்கலாம்.
மலையாளம் பேச எல்லோருக்கும் வரும்,
எழுத ஒருத்தருக்கும் வராது.
ஒத்திவைப்பு.

பொருள் இரண்டு, பெண்களுக்கு மறைவிடம்.
அதான் ஆள் உயரத்துக்குச் செடி நிற்கிறதே என்றானாம்
தோட்டத்துக் கணக்கன்.
இதைப் பேசும்போது ஆண்கள் மூன்று பேர்
ஜன்னலுக்கு வெளியே டயர்களை எண்ணினார்கள்.
தீர்மானம், ஒருமனதாக.

பொருள் மூன்று. லயத்தில் தங்கியிருக்கும் ஜார்கண்ட் ஆட்கள்
நூற்றைம்பது குறைத்துக் காய் எடுக்கிறார்கள்.
துரத்தணும் என்றான் வனராஜ்.
அணைச் சண்டை வந்த வருசம்
உன்னை என்ன சொல்லித் துரத்தினான் என்றாள் பீவி.
அவன் பதில் சொல்லுமுன்
டீ வந்துவிட்டது.

பொருள் நான்கு, ஜீப்.
ஒன்பது பேர் வண்டியில் பதினாறு பேர்.
போன மாசம் ஆறாவது வளைவில் பின்கதவு திறந்து
தவமணி விழுந்தாள். இடுப்பு.
இன்னும் படுக்கைதான்.

டிரைவர் ஜக்கையனும் உறுப்பினர்,
சந்தா பாக்கி வைக்காத ஆள். எழுந்து நின்றான்.
"ஒன்பதுன்னா ஒன்பது. எனக்கென்ன?
ஆளுக்கு எழுபது ரூபா கூடும்.
டீசல் என்ன எங்க மாமனார் கிணத்துலயா ஊறுது?"
சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது.
ஆறு நாளைக்கு நானூற்று இருபது.
உதடுகள் அசைந்ததைப் பார்த்தேன்.

ஒன்பதுக்குக் கை தூக்குங்கள்.
நாலு கை. அதில் ஒன்று தவமணி புருஷனுடையது,
அது இறங்கவே இல்லை.
பதினாறு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.
பத்து? எழுபது வேண்டாம், ஐம்பது?
பதினான்கு, இருபது ரூபாய்?
ஏலத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள்
ஏலம் போட்டுக்கொண்டிருந்தோம்,
எங்களையே.
பன்னிரண்டில் சுத்தியல் விழுந்தது.

‘பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை,
ஏறுவதில்லை’ என்று எழுதினேன்.
ஏறுவதில்லை நானாகச் சேர்த்தது.
திருத்தம் ஒன்றும் வரவில்லை.

இதர விஷயங்கள்:
ஜீப் நிற்கும் இடத்தில் தெருவிளக்கு, நகராட்சிக்கு ஆறாவது மனு.
சுருளியம்மாள் மகளுக்குச் சடங்கு, எல்லோரும் வரவும்.

திங்கள், விடிகாலை நாலே முக்கால்.
விளக்கு எரியவில்லை.
போன் வெளிச்சத்தில் ஜக்கையன் எண்ணுகிறான்,
எனக்குக் கேட்கட்டும் என்று சத்தமாக.
பத்து. பதினொன்று. பன்னிரண்டு.
கதவைச் சாத்தி, கொக்கியை மாட்டி,
மேலே கயிறும் கட்டினான். அது புதுசு.

லாரிப் பட்டறைப் பக்கமிருந்து
ஒரு தூக்குவாளிச் சத்தம் ஓடிவருகிறது.
முகம் தெரியவில்லை. மூச்சு வாங்குவது கேட்கிறது.
அடுத்த வண்டி ஏழுக்கு,
ஏழுக்குப் போனால் பேர் போடமாட்டார்கள்.

ஜக்கையன் கயிற்றில் கை வைத்தபடி நிற்கிறான்.
எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.
இருட்டில் எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.
எனக்கு அடுத்தவளும்
தள்ளி உட்கார்ந்தாள்.