ஒற்றைக் கோடு

மே மாதம். வேலூர்.
பாலாற்று மணல் நடுராத்திரியிலும் ஆறாத நாட்களில்
மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் சம்பூரணம்.
வார்டில் ஏழு பேர் எழுந்து உட்கார்ந்து முறைத்தார்கள்.

சத்தம் காதுல ஊசி ஏத்துது டாக்டர்.

தலையணை நனைந்து கிடந்தது.
குடியாத்தத்திலிருந்து 'வலிப்பு' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.
தலை ஸ்கேன் சுத்தம். சர்க்கரை சரி. உப்பும் சரி.
விசிறிதான் எனக்குத் துப்பு கொடுத்தது.

கையை நீட்டச் சொன்னேன்.
தீப்பெட்டி ஆபீசில் பார்க்காமலே
ஐம்பது குச்சி அள்ளிப் பழகிய கை
காற்றில் எதையோ உதறிக்கொண்டிருந்தது.

தூக்கத்துக்கு மாத்திரை போடுவீங்களா?
இல்ல.
நரம்புக்கு?
அது தினமும்.
எத்தனை?

அவள் மகளைப் பார்த்தாள். மகள் ஜன்னலைப் பார்த்தாள்.
பிறகு டிபன் பாக்ஸின் மேல்தட்டிலிருந்து
லேமினேஷன் செய்த ஒரு சீட்டு வந்தது.

பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டி
புருஷன் லாரிக்கடியில் போன வாரத்தில் எழுதியது.
பதினோரு வருஷம்.
அரை மில்லிகிராம், இரவு ஒன்று.
மற்றதெல்லாம் புழு நெளிவு,
'ஏழு நாள்' மட்டும் பளிச்சென்று.

மருந்துக்கடைத் தம்பி தங்கமான பிள்ளை, என்றாள்,
ஒரு கேள்வி கேட்டதில்ல.
ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறாகி,
போன வெள்ளி கடையில் சோதனை, ஷட்டர் இறங்கியது.
ஞாயிறு விடியலில்
பல் துலக்கிக்கொண்டிருந்தவள் விழுந்தாள்.

பொருள், அளவு, காலம், கடைசி வேளை.
எல்லாம் எழுதினேன்.
நோயின் பெயர் கேட்ட இடத்தில்
'முறைகேடாக' என்று தொடங்கிவிட்டேன்.
பேனா நின்றது.
முறை எவருடையது, அதில் கேடு எவருடையது?

மூன்று மணிக்குச் சுவரில் எறும்பு ஊர்கிறது என்றாள்.
'இல்லாததைக் காண்கிறார்.'
அதற்குத்தானே காத்திருந்தேன், உடனே எழுதினேன்.
சிஸ்டர் பியூலா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தாள்:
நிஜ எறும்புதான் டாக்டர்,
அஞ்சாம் பெட்டுல ரஸ்க் கொட்டியிருக்காங்க.

கேஸ் ஷீட்டில் தவற்றை அழிக்கக் கூடாது,
வெள்ளை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு. அடியிலிருக்கும் சொல்
படிக்கத் தெரிய வேண்டும்.
பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி, நேரம்.
இரண்டு கோடு கிழித்தேன்.

பிறகு எழுதியது:
மருத்துவர் சொல்லித் தொடங்கியது.
நிறுத்தச் சொல்ல ஒருவரும் இல்லை.
திடீரென நின்றதால் வலிப்பு, நடுக்கம், ஒலி தாங்காமை.
எறும்பு உண்டு.

மெல்லக் கரையும் வேறு மாத்திரைக்கு மாற்றி
பதினைந்து நாளுக்கொரு தரம் ஒரு துளி குறைக்கணும், என்றேன்.
எவ்வளவு நாள் ஆகும்?
ஏழு என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
ஏழு மாசம் ஆகலாம். கூடவும் ஆகலாம்.
விரல் மடக்கி எண்ணினாள்,
ஆவணியில் தவறியது, மறுபடி வைகாசியிலிருந்து.

நாலே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்:
ஒண்ணாம் நம்பர்ல வைங்க,
பாவம், அவங்களும் தூங்கணும்.

அதையும் எழுதினேன், நேரம் போட்டு.