சேதக் கணக்கு

லிங்கிச் செட்டித் தெருவில் எங்கள் ஆபீசுக்கு மாடி கொடுத்தவர்
பரண் சாவியையும் சேர்த்தே கொடுத்தார்.
கரையான் தின்றது போக நாலு பேரேடு:
டான்ஸ்லி – கன்னியப்பாச்சாரி கம்பெனி,
ஒப்பனைப் பெட்டி செய்வோர்,
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று முதல்.

நான் கப்பல் சரக்குக்குச் சேதம் மதிப்பிடுகிறவள்.
யார் கணக்கைத் திறந்தாலும்
கண் முதலில் போவது
'உடைந்தது' என்ற கட்டத்துக்கு.

அப்போது மெட்ராசுக்குத் துறைமுகம் கிடையாது.
நாலு மாதம் கடலில் பத்திரமாக வந்த லண்டன் பெட்டி
கடைசி அரை மைலில், மசூலாப் படகில்,
மூன்றாவது அலையில் சாகும்.
வெள்ளி மூடிகள் பிழைக்கும்.
பன்னீர்க் குப்பியெல்லாம் கல்கண்டு.

கப்பலில் கணக்கெழுத வந்து
குடித்துவிட்டுக் கப்பலைத் தவறவிட்ட டான்ஸ்லி
அந்த மூடிகளை ஏலத்தில் எடைக்கு எடுத்தான்.
கொண்டித்தோப்பில் கன்னியப்பாச்சாரி
மூடிக்குத் தகுந்த பெட்டி செய்தார்.
ஈட்டி மரம், பித்தளை மூலை, நீல வெல்வெட்,
சீப்புக்குப் பள்ளம், காது குடையத் தந்தக்குச்சி,
ஒரு திருகாணியை அழுத்தினால்
துள்ளி வரும் கள்ள அறை.
லண்டன் பெட்டி ஐப்பசியில் பசை விட்டுப் பிளக்கும்.
'மெட்ராஸ் மழையில் வாய் திறக்காத பெட்டி'
என்று இவர்கள் விளம்பரம் போட்டார்கள்.

இரண்டாம் பேரேட்டில் ஒரு வரி தலைகாட்டுகிறது:
'தேசப்பன், ராயபுரம், படகு. மூன்று ரூபாய்.'
காரணம் எழுதும் இடம் காலி.
ஆணிக்கும் அரக்குக்கும்
விளக்குத் திரிக்கும் கூடக் காரணம் எழுதுகிற
குமாஸ்தா லாசரு
இதற்கு மட்டும் எழுதவில்லை.
தேதிகளைத் தனியே குறித்தேன்.
ஒவ்வொரு மூன்று ரூபாய்க்கும் பத்து நாள் கழித்து
ஏலத்தில் வெள்ளி மூடி வாங்கிய செலவு.

கடல் மேல் பழி போடுவது
எங்கள் தொழிலில் தினமும் நடப்பது.
கடல் வந்து மறுத்துக் கையெழுத்துப் போடாது.

எழுபத்தாறில் அலைதடுப்புக்குக் கல் கொட்ட ஆரம்பித்தார்கள்.
கம்பெனி பெட்டி விலையை இரண்டு முறை குறைத்தது.
எண்பத்தொன்று ஐப்பசிக் கடைசியில் புயல் வந்து
கட்டிய கல்லையெல்லாம் வாரிக்கொண்டு போனது.
அந்த வாரம் லாசரு எழுதுகிறார்:
'ஆட்கள் பதினொரு பேருக்கும்
ஆளுக்கொரு வேட்டி, அரை ரூபாய். சந்தோஷம்.'

அதே பக்கம், கீழே, வேறு மையில்:
'தேசப்பன் சம்சாரத்துக்கு மூன்று ரூபாய்.'
இதற்கும் காரணம் இல்லை.

நாலாவதில் துறைமுகத்தை மறுபடி கட்டி முடிக்கிறார்கள்.
லண்டன் பெட்டி குப்பியோடு, முழுசாக, மலிவாக இறங்குகிறது.
'உடைந்தது' கட்டம் பக்கம் பக்கமாக வெள்ளை.
டான்ஸ்லி பெயர் ஒரு சவப்பெட்டிச் செலவோடு நிற்கிறது
(ஈட்டி மரம் இல்லை, மாமரம்).
ஆச்சாரி உளிகளை விற்ற வரவு இருக்கிறது.
தச்சர் கூலி நின்று, வாடகை நின்று,
அந்தப் பெண்ணுக்கு மாதம் மூன்று ரூபாய் மட்டும்
கடைசிப் பக்கம் வரை போகிறது.

இன்று மதியம் திருவொற்றியூர் யார்டில்
ஒரு கன்டெய்னர் கண்ணாடிக் கதவு.
நாற்பத்திரண்டு உடைசல்.
காரணம் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.
ஏஜென்ட் ஆள், நான் கேட்காமலே,
டீ வாங்கிக்கொண்டு வருகிறான்.