இடது மார்பு

ரூவியில், ஹோண்டா ரோட்டுக்குப் பின்சந்தில்
அந்த எம்ப்ராய்டரி கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது.
ஊருக்கெல்லாம் பெயர் தைப்பதில்
அதற்கு நேரமே அமையவில்லை என்றார் ஷபிகுல்.
பின்னால் ஆறு தலை இயந்திரம்
ஆறு சட்டைகளை ஒரே மூச்சில் கொத்திக்கொண்டிருந்தது.

எங்களுடையது ஏசி பழுதுபார்க்கும் கம்பெனி.
இருபத்துமூன்று ஆள், ஆளுக்கு இரண்டு,
சாம்பல் போலோ சட்டை நாற்பத்தாறு.
இடது மார்பில் மூன்று இறக்கை விசிறி.
அதன் கீழே ஒரே வரியில்
அரபி வலமிருந்து வரும், ஆங்கிலம் இடமிருந்து வரும்.
நடுவில் முட்டிக்கொள்ளாமல்
அரை சென்டிமீட்டர் விடச் சொன்னேன்.
விசிறிக்கு மட்டும் ஏழாயிரத்து இருநூறு தையல் என்று
கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்னது.
நூல் அட்டையில் நீலமே முப்பத்தொன்று.
முதலாளி கேட்டிருந்தது நம்ம வேன் நீலம்.
வேனோ வெயிலில் நின்று நின்று
இப்போது எந்த நீலத்திலும் இல்லை.

வலது மார்பில் ஆள்பெயர்.
அது என் யோசனை.
வீடுகளில் 'ஏய் ஏசி' என்று கூப்பிடுகிறார்களாம்.
இரண்டு நாள் அலைந்து பட்டியல் எடுத்தேன்.
பத்து எழுத்தைத் தாண்டினால்
எழுத்துக்கு ஐம்பது பைசா கூடுதல்.
சிவனணைந்த பெருமாளை எங்கே வெட்டுவது?
முன்பாதியோடு நிறுத்தினால் சைவம்,
பின்பாதியை மட்டும் எடுத்தால் வைணவம்.
"எது மலிவோ அதைப் போடுங்க மேடம்,
ரெண்டு பேருமே கோவிச்சுக்க மாட்டாங்க."

டக்ட் வேலை பார்க்கும் பையன் மட்டும்
நான் எழுதியதை அடிக்கச் சொன்னான்.
கருத்தப்பாண்டி அவன் அப்பா.
பாஸ்போர்ட்டில் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.
கார்டில் அவர், சம்பளச் சீட்டில் அவர்,
ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட்டால் அவர்.
"ஆறு வருஷமா எங்கப்பனைக் கூப்பிடுறாங்க,
நான் திரும்பிப் பார்க்குறேன்.
சட்டையிலயாவது என் பேரைப் போடுங்க."
எழில்வேந்தன்.
அவனே எழுதினான், இசட்டை அழுத்தி.
அது இல்லாவிட்டால் அவன் எலியாகிவிடுவானாம்.
ஆங்கிலத்தில் பன்னிரண்டு எழுத்து.
இரண்டு சட்டைக்கும் சேர்த்து
இரண்டு நூறு பைசாத் தாள்களை
மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

முதலாளி பட்டியலைப் பார்த்தார்.
விசா இரண்டு வருஷம். சட்டை மூன்று வருஷம் உழைக்கும்.
"ஆள் போனா அடுத்தவன் போட வேண்டாமா?
விசிறி போதும்."
கணக்கு சரிதான்.
கணக்கு எழுதுகிறவளே நான்.

கடைக்குப் போவதற்குள்
மாதிரிக்கென்று ஒரு சட்டை தைத்தாகிவிட்டது.
அவர் பட்டியலைக் கீழிருந்து படிப்பவர்.
கடைசிப் பெயர்.
பிரித்துவிடலாம் என்றார், பதறாமல்.
சட்டையை உள்புறம் திருப்பினார்.
அங்கே எந்த மொழியிலும் சேராத எழுத்து,
வியர்த்தால் மார்பைக் குத்தும் அந்தத் தாளோடு.
பிளேடு போனது.
முன்பக்கம் வெள்ளை நூல் பஞ்சுபஞ்சாய் எழும்பியது.
முதலில் வேந்தன் உதிர்ந்தான். அப்புறம் எழில்.
ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
துளைகள் அப்படியே இருந்தன.
பன்னிரண்டும். இசட்டும்.
"ரெண்டு சலவையில மூடிக்கும்."

பில்லில் தனி வரி.
பெயர் தைத்ததற்குப் பணம் வாங்கவில்லை,
பெயர் எடுத்ததற்கு ஐந்நூறு பைசா.
இதரச் செலவில் எழுதினேன்.

சட்டைகள் போன வாரம் கேம்ப்புக்குப் போய்விட்டன,
அளவு பார்த்து அடுக்கி, அட்டைப்பெட்டியில்.
துளைச்சட்டை எல் சைஸ்.
எல் சைஸ் எட்டுப் பேர்.
இருநூறு பைசா என் இழுப்பறையில், கிளிப் போட்டு.

இன்று காலை குரமிலிருந்து ஒரு அம்மா ஃபோனில்,
வேலைச் சீட்டைப் பார்த்துத் திக்கித் திக்கிப் படித்தார்.
கருத்தப்பாண்டி வந்து போனதிலிருந்து
கூடம் நன்றாகக் குளிர்கிறதாம்.
அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமாம்.

சொல்கிறேன் என்று வைத்தேன்.