பொங்காத மணல்

மூன்று துளி வினிகர் விட்டேன்.
காத்திருந்தேன்.
லாரியை அணைக்காமலே
கடை வாசலில் நின்று பார்த்தான் ருஃபினோ.
அரிக்கா துறைமுகத்திலிருந்து
நாலாயிரம் மீட்டர் மலையேறி வந்த மணல்,
சுங்கச்சாவடியில் சிமெண்ட் என்று சொல்லித் தப்பிய மணல்,
தட்டில் நனைந்தது.
அவ்வளவுதான். ஒரு குமிழி இல்லை.

பக்கத்தில் முட்டையோட்டை நொறுக்கிப் போட்டேன்.
அது சீறியது.
"சுண்ணாம்பு இருந்தால் வாய் திறக்கும்.
இது வெறும் கல், மச்சான்."
"கடலில் முழங்கால் நனைய அள்ளினேன்.
கடல் மணலே இல்லை என்கிறாய்."
காந்தத்தை மேலே பிடித்தேன்.
மீசை முளைப்பதுபோல்
கருந்துகள்கள் எழுந்து ஒட்டிக்கொண்டன.
"மணலைக் கயிறாகத் திரித்துக் கொடுத்தாலும்
அதற்கும் வினிகர் விட்டுத்தான் பார்ப்பாய்,"
என்றான். பிறகுதான் லாரியை அணைத்தான்.

ஒரூரோவில் ஆணி, திருகு, கீல் விற்கிறவன் நான்.
கல்லாவுக்குப் பின்னால்
முந்நூறு லிட்டருக்கு ஒரு கண்ணாடித் தொட்டி.
கடல் இல்லாத நாட்டில்
கடலைப் பற்றி ஆளுக்கொரு யோசனை:
உயூனியில் உப்பு கொட்டிக் கிடக்கிறதே,
ஊருக்கு வெளியே மணல்மேடு, காசா பணமா,
அடியில் ஒன்றுமே போடாதே, கழுவச் சுலபம்.
எதெல்வினா மட்டும்
கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள்:
"அந்த மீன் எங்கே படுக்கும்?"

யோசிக்கவில்லை நான்.
மஞ்சள் மீன், விரல் நீளம்.
விளக்கணைந்தால் மணலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து
போர்த்திக்கொண்டு தூங்குகிற சாதி.
நான் வாங்கி வைத்திருந்ததோ
பட்டாணி அளவில் உடைத்த பவளம்.
உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்.
விரித்தபோது பதினோரு சிவப்புப் புள்ளிகள்.
எண்ணினேன், ஆமாம்.
அதன்மேல் என் செதில்களோடு
நான் படுப்பேனா?

சர்க்கரைபோல் நைசாக இருந்தால்
பம்பின் மூச்சில் பறந்து எல்லாவற்றின்மேலும் படியும்.
பருமனாக இருந்தால்
தின்ற மிச்சம் இடுக்கில் விழுந்து அழுகும்.
ரவை அளவு என்று முடிவாயிற்று.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்;
ஐந்து சென்டிமீட்டர், அளவுகோல் வைத்து.
சாந்தா குரூஸிலிருந்து மூட்டை வந்தது.
விலையில் பாதியை மனைவியிடம் சொன்னேன்.
மீதியை அவளே பில்லில் படித்துக்கொண்டாள்.
வினிகரில் அது
கோள் சொல்லும் கிழவன்போல் ஓயாமல் பொங்கியது.

மூன்று நாள் தொட்டி முழுக்கப் பால்.
ஆறாம் வாரம் மீன்.
முதல் இரவே காணோம்.
டார்ச் அடித்துத் தரையெல்லாம் தேடினேன்,
திருகுப் பெட்டிகளுக்குப் பின்னால்கூட.
நள்ளிரவில் ருஃபினோவுக்கு போன்.
தம்போ கெமாதோ எல்லையில்,
வரிசையில், குளிரில், அவன்:
"என் மணலாக இருந்தால் ஓடியிருக்காது."

காலை ஒன்பது மணி. விளக்கு போட்டேன்.
மணல் ஓரிடத்தில் லேசாகச் சரிந்தது.
முதலில் ஒரு கண்.
பிறகு நெடுநேரம் அந்தக் கண் மட்டும்.

அரிக்கா மூட்டை வாசலில் இருக்கிறது.
படியில் பனி உறைந்த காலைகளில்
ஒரு கை அள்ளித் தூவுகிறேன், வழுக்காமல் இருக்க.
சுரங்கத்துக்காரர்கள், கொத்தனார்கள், அரைக்கிலோ ஆணிக்கு வருகிறவர்கள்,
தெரியாமலே கடற்கரையில் நாலு அடி நடந்து
கடைக்குள் நுழைகிறார்கள்.
ருஃபினோ மட்டும்
படியை ஒரே எட்டில் தாண்டி வருகிறான்.